முற்றத்தில் கல் பதிக்குமுன்

யாழ்ப்பாணத்தில் புதிதாக வீடு கட்டுவோர் முற்றம் முழுவதையும் கல்லால் மூடிவிடுவதைக் காணும்போது எனக்கு அச்சமே உண்டாகிறது. கனடாவிலிருந்து வந்த என் மருமகனும் வளவு முழுவதிலும் மினுக்கிய கருங்கற் பலகைகளைச் சீமெந்தில் பதிக்கவே விரும்பினார். "புல்லும் வராது, சேறும் வராது மாமா" என்றார். கிணற்றுக்குத் தண்ணீரும் வராது என்றேன்.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளூடாக இறங்கும் மாரி மழையே நம் கிணறுகளின் நன்னீர். அது குறைந்தால் கீழிருக்கும் உவர்நீர் மேலெழும்.

கருங்கல்லை வெறுப்பவனல்லன் நான். உறுதியான கல்தான். ஆனால் மினுக்கியது மழையில் வழுக்கும். முற்றத்துக்குச் சொரசொரப்பானதே ஏற்றது. சீமெந்தைத் தவிர்த்து, மணற்படுக்கையில் விரலளவு இடைவெளி விட்டுப் பதித்து, இடைவெளியைச் சிறு சல்லியால் நிரப்புங்கள். அதில் புல் முளைக்கும்; கையால் பிடுங்கத்தான் வேண்டும். களைகொல்லி தெளித்தால் அதுவும் மழைநீரோடு நிலத்துக்குள்ளேயே இறங்கும்.

சுண்ணாம்புக் கல் பதித்தவர்களுக்கு ஒன்று. பாசி நீக்கத் தும்புத்தடியும் தண்ணீரும் போதும். நான் ஒருமுறை அவசரப்பட்டு, கழிவறைக்கு வாங்கிய அமிலத்தை எங்கள் பழைய வாசற்படியில் ஊற்றினேன். கல் நுரைத்தது. பாசியோடு கல்லின் மேற்பரப்பும் போயிற்று. அந்தக் குழிகளில் இப்போது முன்னரிலும் விரைவாகப் பாசி பிடிக்கிறது.

மருமகன் படலையிலிருந்து வாசல்வரை ஒரு பாதையோடு நிறுத்திக்கொண்டார். வாகனம் நிறுத்தும் இடத்தைப் பற்றி மட்டும் இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.