டச்சு ரெஃபரன்ஸும் தகர டப்பாப் பம்பையும்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போகும் காவடிக் கூட்டத்துக்காக மணவூர்ப் பையன் ஒருவன் டிராக் செய்திருந்தான். பம்பை, உடுக்கை இரண்டையும் நேரில் வாசிக்கவைத்துப் பதிவு செய்து, அடியில் எலக்ட்ரானிக் கிக் போட்டிருக்கிறான். யோசனை அருமை. கேட்டால், பம்பை தகர டப்பா மாதிரி ஒலிக்கிறது. "என்னடா பண்ணி வெச்சிருக்க?" என்றேன். "ரெஃபரன்ஸ்ல 300 ஹெர்ட்ஸ் பக்கம் ஒண்ணுமே இல்லண்ணே, அதான் கட் பண்ணிட்டேன்" என்கிறான். எது அந்த ரெஃபரன்ஸ்? மார்ட்டின் கேரிக்ஸின் 'அனிமல்ஸ்'. 2013இல் பதினேழு வயது டச்சுப் பையன் போட்ட பாட்டு. நெதர்லாந்தில் பம்பை அடிக்கவில்லை என்பதற்காக மணவூரில் பம்பையின் வயிற்றை அறுப்பார்களா?

அறுக்கிறார்கள். லேப்டாப்பில் எஃப்.எல். ஸ்டுடியோ ஏற்றிய ஒவ்வொருவனுக்கும் இதுதான் வேதம்: உலக ஹிட் ஒன்றைப் பக்கத்தில் வை, அதுபோலக் கேட்கும்வரை ஈக்யூவைத் திருகு, உலகத் தரம் தானாக வந்துவிடும். வந்த தரத்தைத்தான் கோயில் திருவிழாதோறும் கேட்கிறோமே!

சரி, சரண்ஜித் சிங் எதை ரெஃபரன்ஸாக வைத்தார்? பம்பாய் சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்துப் பிழைத்த மனிதர். 1982இல் ரோலண்ட் டிபி-303, டிஆர்-808, ஜூபிட்டர்-8 என்று மூன்று பெட்டிகளை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டு போட்டார். சிகாகோவில் ஃப்யூச்சர் குழு அதே 303ஐத் திருகி 'ஆசிட் டிராக்ஸ்' வெளியிட்டு ஆசிட் ஹவுஸ் என்று பேர் வாங்கியது 1987இல். ஐந்து வருஷம் கழித்து! சரண்ஜித்திடம் யாராவது போய், "பைரவ் ராகத்துக்கு ரெஃபரன்ஸ் என்ன சார்?" என்று கேட்டிருந்தால் அந்தத் தட்டு வந்தே இருக்காது.

நம்மவர்கள் அதை வாங்கவில்லை. 2010இல் மறுவெளியீடு செய்து உலகத்துக்குக் காட்டியவர் யார் தெரியுமா? ஒரு டச்சுக்காரர். டச்சுக்காரன் இங்கே வந்து நம் ஆளைத் தேடுகிறான். நம் பையன் டச்சுக்காரனைப் பார்த்து ஈக்யூ போடுகிறான்.

தொழில்நுட்பமாகவே பேசுவோம். 'அனிமல்ஸ்' நிமிஷத்துக்கு 128 அடி, நேர் நாலு. காவடிச் சிந்தோ திஸ்ர நடை. இரண்டுக்கும் கிக் விழும் இடமே வேறு, பேஸ் மூச்சு விடும் இடமும் வேறு. சுருதியையாவது பார்த்தானா? நாலு கட்டைப் பாட்டின் அடிநாதம் 44 ஹெர்ட்ஸில் நிற்கும். ஒரு கட்டைப் பாட்டுக்கு அது 33இல் நிற்கும், இல்லாவிட்டால் 65க்குத் தாவும். ஒன்றைப் பார்த்து இன்னொன்றின் பேஸைத் திருகினால் அது எப்படிப் பொருந்தும்? போதாததற்கு ரெஃபரன்ஸ் மாஸ்டரிங் முடிந்து, லிமிட்டரில் நசுக்கப்பட்டு வந்த பாட்டு. இவனுடையது பச்சை மிக்ஸ். சத்தமாகக் கேட்பது காதுக்கு நன்றாகத்தான் கேட்கும். ரெஃபரன்ஸின் வால்யூமை நம் மிக்ஸ் அளவுக்கு இறக்கிவிட்டு ஒப்பிட வேண்டும் என்ற அரிச்சுவடிகூடத் தெரியாமல் தன் மிக்ஸை மேலே மேலே ஏற்றுகிறான். ஏற்றி என்ன பயன்? ஸ்பாட்டிஃபை எல்லாவற்றையும் மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். என்ற சத்த அளவின் பக்கம் கொண்டுவந்து நிறுத்திவிடும். மிஞ்சுவது நசுங்கல்.

இந்த நோய் மணவூரில் தொடங்கியதும் இல்லை. கோடம்பாக்கத்தில் டைரக்டர் பென் டிரைவோடு வருவார்: "இதே மாதிரி வேணும், ஆனா இதுன்னு தெரியக்கூடாது." ஹான்ஸ் சிம்மர் எத்தனை தமிழ்ப்படங்களுக்குச் சம்பளம் வாங்காமல் பின்னணி இசை அமைத்திருக்கிறார் என்று ஒரு பட்டியலே போடலாம். ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு 'புரோ மிக்ஸிங்' சொல்லித்தரும் ஆன்லைன் குருமார்கள் வேறு. கிராஃபைக் காட்டி, இந்தக் கோட்டின் மேல் உன் கோடு உட்கார வேண்டும் என்கிறார்கள். பாட்டைக் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொடுக்க ஒரு கட்டணம்!

மணவூருக்கு அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு. அங்கே ஆடுகிறவனுக்கு என்னென்ன முழங்கின என்று காரைக்கால் அம்மையார் பதிகத்தில் பட்டியலே கொடுத்திருக்கிறார்: தமருகம், குடமுழா, மொந்தை. இந்தக் காலத்தில் இருந்திருந்தால் குடமுழாவுக்கும் 300இல் கட் போட்டிருப்பார்கள்.

தோல்கருவியும் எலக்ட்ரானிக்கும் சேர்ந்த பாட்டுக்கு ரெஃபரன்ஸ் வேண்டுமா? லண்டன் தமிழ்ப்பெண் எம்.ஐ.ஏ. சென்னைக்கு வந்து உருமி மேளத்தைப் பதிவு செய்துகொண்டு போனார். 2007இல் வந்த 'காலா' ஆல்பத்தில் இருக்கிறது. அதை வை. உன் நடையில், உன் சுருதியில் உள்ள பாட்டு ஒன்றை வை. இந்த டிராக் டிராக்டரில் கட்டிய பாக்ஸில்தான் அலறப்போகிறது. அந்தப் பாக்ஸில் எது நன்றாகக் கேட்கிறதோ அதையும் வை. மூன்றையும் ஒரே சத்தத்தில் கேட்டு, காது சோர்ந்ததா என்று மட்டும் சரிபார்த்துவிட்டு மூடிவிடு.

இவ்வளவையும் இலவசமாகச் சொல்லிவிட்டேன். அதனாலேயே எவனும் கேட்கமாட்டான்.