டீசல் மேல்வரியும் அடுப்பங்கரையும்

வரியே கூடாது என்பது நம் கட்சியன்று. பங்குத்தொகை கட்டிச் சங்கம் நடத்துகிறவர்களுக்குப் பொதுக் காரியம் பணமின்றி நடவாது என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும், சுமப்பவனுடைய வலிமையைப் பாராமல் ஏற்றப்படும் வரியை நாம் ஒப்புக்கொள்ள இயலாது. எரிபொருள் மீது மத்திய சர்க்கார் விதிக்கும் கலால் வரியும் மேல்வரிகளும் இத்தகையன என்பது நம் அபிப்பிராயம்.

இவை வளர்ந்த விதத்தை நோக்குவோம். 2020 ஏப்ரலில் இந்தியா வாங்கும் கச்சா எண்ணெயின் சராசரி விலை பீப்பாய்க்கு 20 டாலருக்கும் கீழே இறங்கிற்று. தொற்று நோயால் தறிகள் நின்று, சந்தைகள் அடைபட்டுக் கிடந்த காலம் அது. அச்சரிவின் பயன் ஏழைகளின் கைக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவ்வாண்டு மார்ச்சில் லிட்டருக்கு 3 ரூபாயும், மே மாதத்தில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரி உயர்ந்தது. டீசல் மீதான மத்திய வரி 31 ரூபாய் 83 காசாயிற்று. 2019-20இல் ஏறத்தாழ 1.78 லட்சம் கோடி ரூபாயாக இருந்த வசூல் மறு ஆண்டில் 3.35 லட்சம் கோடியாகப் பெருகிற்று. இதற்குச் சில மாதங்கள் முன்னர்தான், 2019 செப்டம்பரில், பிற சலுகைகளை விட்டுக்கொடுக்கும் கம்பெனிகளுக்கு வருமான வரி நூற்றுக்கு 22 ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. லாபம் ஈட்டுகிறவனுக்கு இறக்கிவிட்டு, லாபமோ நட்டமோ பாராது லிட்டர் தோறும் ஏற்றியதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

பின்னர் 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் வரி குறைக்கப்பட்டதை நாம் மறைக்கவில்லை. டீசலுக்கு 15 ரூபாய் 80 காசு வரை அது இறங்கிற்று. 2025 ஏப்ரலில் மீண்டும் 2 ரூபாய் ஏறி 17 ரூபாய் 80 காசாயிற்று. பங்கில் விலை ஏறவில்லையே என்றார்கள். கச்சா எண்ணெய் மலிந்ததால் நமக்குக் குறைந்திருக்க வேண்டிய 2 ரூபாய் கஜானாவுக்குப் போயிற்று என்பதே அதன் பொருள்.

2025 ஏப்ரலில் அந்த 17 ரூபாய் 80 காசில் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ளப்படும் அடிப்படை வரி 1 ரூபாய் 80 காசு மட்டுமே இருந்தது. 4 ரூபாய்க்கு ‘வேளாண்மை உள்கட்டமைப்பு வளர்ச்சி மேல்வரி’ என்று பெயர். 2021 பிப்ரவரியில் இது புகுந்தபோது வேறு வரிகள் அந்த அளவுக்குக் குறைக்கப்பட்டன. ஆகவே விலை ஏறவில்லை. குறைக்கப்பட்டவற்றுள் பகிர்வுக்குரிய அடிப்படை வரியும் ஒன்று என்பதுதான் கவனிக்கத் தக்கது. குடியானவன் பெயரால் குடியானவனிடமே வசூலித்து, அவனுடைய மாநிலத்தின் பங்கையும் சுருக்கியாயிற்று. பெயர் சூட்டியவருடைய சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

தமிழ்நாட்டில் பம்பு செட்டுக்கு இலவச மின்சாரம் உண்டே, டீசல் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். உழவும் அறுவடையும் மின்சாரத்தால் நடப்பதில்லை. ஓர் உழவுக்கு 5 லிட்டர் டீசல் செலவாகிறதெனக் கொண்டால், 2025 ஏப்ரலின் அந்த வீதப்படி அதில் மத்திய வரி மட்டும் 89 ரூபாயாயிற்று. டிராக்டர் உடையவர் அதை மணி வாடகையில் சேர்த்துவிடுவார். சொந்த வண்டியும் மாடும் இல்லாத குத்தகைக்காரரோ அதை யார் தலையிலும் மாற்ற முடியாது. நெல்லுக்கு விலை வைக்கிறவர் அவரல்லர். நெசவிலும் இதே கதைதான். நூல் வருவதும் சேலை போவதும் லாரியில். வாடகை ஏறினால் அடக்கவிலை ஏறும். நெசவுக் கூலி அதனோடு ஏறுவதில்லை.

இனி வீட்டுக்குள் வருவோம். 2025 ஏப்ரல் 7ஆம் தேதி, டீசல் வரி உயர்வை அறிவித்த அதே நாளில், சமையல் எரிவாயு உருளைக்கு 50 ரூபாய் ஏற்றப்பட்டது. சென்னையில் 818.50 ரூபாயாக இருந்தது 868.50 ஆயிற்று. ஏழைப் பெண்களின் பெயரில் 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்து உருளைக்கும் அதே 50 ரூபாய்தான். எரிவாயு விற்பனையில் எண்ணெய்க் கம்பெனிகளுக்கு நேர்ந்த நட்டத்தை ஈடுகட்டவே வரி உயர்வு என்று விளக்கம் வேறு கூறப்பட்டது. நட்டத்துக்காக வரியும் ஏறியது, உருளை விலையும் ஏறியது!

ஆண் தறியில் அமர, தார் சுற்றிக் கொடுப்பதும் இழை பிணைப்பதும் பெரும்பாலும் பெண்ணின் வேலை. அதற்குத் தனிக் கூலி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. உருளை தீர்ந்து மறு உருளைக்குப் பணமில்லாத வாரங்களில் அவள் சீமைக் கருவேல முள்ளை வெட்டிவந்து அடுப்பு மூட்டுகிறாள். புகை அவளுடைய கண்ணுக்கும் நெஞ்சுக்கும். விறகுக்குப் போன நேரம் தாரில் குறைகிறது. 2021 மே முதல் நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை என்பது பேருதவிதான். எனினும் அப்பேருந்து எட்டாத ஊர்களில் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசிலும் இவ்வரி ஒளிந்திருக்கிறது.

காற்று மாசுபடாதிருக்க எரிபொருளுக்கு வரி வேண்டும் என்பாரும் உளர். மாற்று வழி உடையவனை வரி திருத்தலாம். கார் வைத்திருப்பவர் இதற்காகக் காரை நிறுத்திவிடவில்லை. எரிவாயுவிலிருந்து விறகுக்குத் திரும்புகிறவள் ஏழைப் பெண்ணே. புகை குறைந்ததா, கூடியதா?

செய்யக் கூடாத காரியத்தை நாம் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் மீன்பிடிப் படகுகளுக்கு மாநில விற்பனை வரி நீங்கிய டீசல் நெடுங்காலமாக வழங்கப்பட்டு வருகிறது. கடலில் இயன்றது வயலில் ஏன் இயலாது? நிலக் கணக்கும் பயிர்க் கடன் கணக்கும் தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களில் இருக்கின்றன. ஏக்கருக்கு இத்தனை லிட்டர் என வகுத்து, குத்தகைக்காரரையும் விடாது, மேல்வரியைச் சங்கத்தின் வழியே திருப்பித் தரலாம். மாநில சர்க்காரும் 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தபோது டீசலை விட்டுவிட்டது. அதையும் நினைவூட்ட வேண்டும்.

வரும் மகாசபைகளில் இதைத் தீர்மானமாக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். வீட்டு எரிவாயு மீதான 5 சதவீத ஜி.எஸ்.டி.யை நீக்குவதையும் அதில் சேர்க்க வேண்டும். தீர்மானத்தை எழுதுமுன் பெண் அங்கத்தினர்களை விசாரியுங்கள். ஆண்டில் எத்தனை உருளை வாங்கினோம், எத்தனை நாள் விறகு எரித்தோம் என்ற கணக்கு அவர்களிடம்தான் இருக்கிறது.