ஓதம் அடிக்கிற சுவருக்கு இன்னொரு தடவை பெயின்ட் அடிக்காதீங்க!

மழை சீசன் முடிஞ்சு தை பிறந்ததும் ஒரு கேள்வி தவறாம வரும். "சார், கீழ்வீட்டுச் சுவர் முழுக்க உப்பு பூத்து உதிருது. டேம்ப் ப்ரூஃப் பெயின்ட் அடிக்க 30,000 கேட்கிறாங்க. இதை வரியில் கழிச்சுக்கலாமா?" வரிக்கான பதில் கீழே இருக்கு. ஆனா அந்த 30,000-ஐ இப்போதைக்கு பெயின்டில் போடாதீங்க என்பதுதான் என் முதல் பதில்.

செங்கல்லும் பூச்சும் மண்ணில் இருக்கிற தண்ணீரை விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி மேலே இழுக்கும். பெரும்பாலும் தரையிலிருந்து மூணு அடி வரைக்கும் ஏறும். தண்ணீர் ஆவியாகிப் போயிடும். அதோடு கரைஞ்சு வந்த உப்பு சுவரிலேயே தங்கி, படிகமாகி, பெயின்டையும் பட்டியையும் வெளியே தள்ளும். உள்பக்கம் தண்ணீர் புகாத பெயின்ட் அடிச்சு மூடினா என்ன ஆகும்? வெளியேற வழி இல்லாத ஈரம் இன்னும் மேலே போய் ஆவியாகும். மூணு அடியில் இருந்த கறை நாலு அடிக்குப் போயிடுச்சேன்னு பலர் புலம்புறது இதனாலதான்.

ஒரு கணக்குக்கு, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை 30,000-னு வைங்க. பத்து வருஷத்தில் அஞ்சு தடவை, ஒன்றரை லட்சம். கூலி ஏறவே ஏறாதுன்னு வச்சுக்கிட்டே இந்தக் கணக்கு! இத்தனைக்கும் பிறகு சுவர் அதே ஈரத்தில்தான் இருக்கும். மாசாமாசம் கட்டுற ஓடிடி சந்தாவில் படமாவது பார்க்கலாம்.

அப்போ எதில் செலவு பண்ணணும்? தண்ணீர் எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கிறதில். இதில் பாதி வேலைக்கு காசே வேண்டாம். ஒரு பாலித்தீன் ஷீட்டை சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. ஷீட்டின் வெளிப்பக்கம் ஈரம்னா அது அறைக் காற்றில் இருக்கிற ஈரம். ஜன்னலைத் திறந்து வைக்கிறதும் ஃபேனும் போதும். சுவர்ப் பக்கம் ஈரம்னா தண்ணீர் சுவருக்குள்ளேயே இருக்கு. அடுத்து வெளியே போய்ப் பாருங்க. ஏசி தண்ணீர்க் குழாய் சுவர் ஓரமா சொட்டுதா? மாடித் தண்ணீர் அஸ்திவாரத்துக்குப் பக்கத்திலேயே விழுதா? சுவரை ஒட்டி பூச்செடி வச்சு தினமும் தண்ணீர் ஊத்துறீங்களா? அந்தச் சுவருக்கு மறுபக்கம் பாத்ரூமா? குழாயை ரெண்டு மீட்டர் நீட்டிவிட்டாலே நிற்கக்கூடிய ஓதத்துக்கு வருஷக்கணக்கா பெயின்ட் அடிக்கிற வீடுகள் இருக்கு.

சென்னைக்காரங்களுக்கு இன்னொரு தலைவலி, ரோடு. வீட்டின் தரைமட்டம் சுற்றியுள்ள மண்ணைவிட குறைஞ்சது 450 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை அடி, உயரமா இருக்கணும்னு தேசிய கட்டிட விதித்தொகுப்பு சொல்லுது. பழைய ரோட்டைச் சுரண்டாம மேலே மேலே தார் போட்டதில் பல தெருக்களில் வாசல்படியே ரோட்டுக்குக் கீழே போயிடுச்சு. சுரண்டிட்டுத்தான் போடணும்னு 2021-ல் அரசு உத்தரவு போட்டது. ஏற்கெனவே புதைஞ்ச வீட்டுக்கு அதனால் என்ன பயன்? அந்த மாதிரி வீட்டில் உள்பூச்சுக்குப் பணம் போடுறதுக்கு முன்னாடி, வெளியே சுற்றிலும் ரெண்டு, மூணு அடி அகலத்துக்குச் சரிவா கான்கிரீட் போட்டு, தண்ணீர் ஓட வடிகால் கொடுங்க.

அதுக்குப் பிறகும் ஈரம் ஏறினாத்தான் இன்ஜெக்‌ஷன். சுவரின் அடியில் 10-12 சென்டிமீட்டர் இடைவெளியில் துளை போட்டு, தண்ணீரைத் தடுக்கிற ரசாயனத்தை ஏத்துவாங்க. நல்ல முறைதான். ஆனா ஏறுறது நின்னாலும், ஏற்கெனவே உள்ளே இருக்கிற ஈரம் காயணுமே! ஒரு அங்குல கனத்துக்கு சுமார் ஒரு மாசம்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு. 9 அங்குலச் சுவருக்கு முக்கால் வருஷம். அதே வாரத்தில் பட்டி பார்த்து பெயின்டும் அடிச்சுத் தர்றேன்னு சொல்ற கான்ட்ராக்டரிடம் நான் வேலை கொடுக்க மாட்டேன். "பத்து வருஷ வாரண்டி"ன்னா கார்டை வாங்கிப் படிங்க. பொருளுக்கு மட்டுமா, கூலிக்கும் சேர்த்தா? தரையிலிருந்து ஏறுற ஈரம் அதில் அடங்குமா?

இப்போ வரி. சொந்தமா குடியிருக்கிற வீட்டுக்கு ரிப்பேர் செலவைக் கழிக்க முடியாது. பழைய வரி முறையில் இருந்தா, ரிப்பேருக்காக வாங்கின கடனின் வட்டிக்கு மட்டும் வருஷம் 30,000 ரூபாய் வரை கழிவு உண்டு. வாடகை வீடுன்னா, நீங்க கட்டின வீட்டு வரி போக மீதி வாடகையில் 30% நிலையான கழிவு. ஒரு ரூபாய்கூட செலவு பண்ணலைன்னாலும் 30%, ரெண்டு லட்சம் செலவு பண்ணினாலும் அதே 30%தான். வீட்டை விற்கும்போது பெயின்ட் செலவை மூலதன ஆதாயக் கணக்கில் காட்ட முடியாது. ஜாக்கி வச்சு வீட்டையே தூக்குறது மாதிரி வேலையை பொதுவா மேம்பாட்டுச் செலவா காட்டலாம். அதுக்கு ஜிஎஸ்டி பில்லும் பேங்க் வழியா பணம் கொடுத்த ஆதாரமும் வேணும். வீட்டு இன்ஷூரன்ஸையும் நம்பாதீங்க. திடீர்னு வெடிச்ச குழாய்க்கு கிளெய்ம் கிடைக்கலாம். கொஞ்சம் கொஞ்சமா ஊறின சுவருக்கு கிடைக்காது.

ரீசேல்ல கிரவுண்ட் ஃப்ளோர் வாங்கப் போறவங்க ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பாருங்க. ஹாலில் மூணு, நாலு அடி உயரத்துக்கு மட்டும் டைல்ஸோ மரப்பலகையோ ஒட்டியிருந்தா ஏன்னு கேளுங்க. பீரோவை நகர்த்தச் சொல்லிப் பின்னாடி பாருங்க. ஓதம் இருந்தா ஒரு கொத்தனாரைக் கூட்டிட்டுப் போய், வெளிவேலை, இன்ஜெக்‌ஷன், புதுப்பூச்சு எல்லாத்துக்கும் எஸ்டிமேட் எழுதி வாங்கி, அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்க. இதை அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியே பேசிடுங்க.