வாஷிங்டன் யாருடைய பெயர்?

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட என் அப்பாவின் பெயர் இன்று ஆய்விதழ்களில் அச்சாகிறது. கட்டுரையை அனுப்பும்போது இணையப் படிவத்தில் ‘லாஸ்ட் நேம்’ என்றொரு கட்டம் வரும். காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக விடாது. அதில் அப்பாவின் பெயரை நிரப்பினேன். அன்றிலிருந்து மேற்கோள் பட்டியல்களில் நான் அப்பாவாகவும், அப்பாவுக்குப் பின்னால் நிற்கும் ஒற்றை எழுத்தாகவும் இருக்கிறேன். அம்மாவுக்கு அந்த எழுத்துகூட இல்லை.

இதைச் சிரித்தபடி சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் துறையில் ஜூனியரான தம்பி ஒருவர் கேட்டார்: “அக்கா, அமெரிக்காவுல கறுப்பினத்தவங்களே அவங்க குடும்பப் பேர விடாம வச்சிருக்காங்க. நாங்க மட்டும் எங்க பட்டத்த ஏன் மறைக்கணும்?” சில மாதங்களாக இன்ஸ்டாகிராமில் தன் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைச் சேர்த்திருப்பவர் அவர். அவரைப் போல இன்று பலர் இருக்கிறார்கள். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன். வாஷிங்டன் என்ற ஒரே ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொள்வோம்.

வட கிழக்கு இங்கிலாந்தில் வாஷிங்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில், வாசா என்பவரின் ஆட்கள் வாழ்ந்த குடியிருப்பு என்பதுபோல அதற்குப் பொருள் சொல்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் அங்கே நிலம் பெற்றுக் குடியேறிய பிரபு ஒருவர் ஊரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். நிலம் யாருடையதோ, ஊர்ப் பெயரும் அவருடையது. அந்த வழியில் வந்த ஜான் வாஷிங்டன் 1650களில் வர்ஜீனியாவுக்குக் கப்பலேறினார். அவருடைய கொள்ளுப் பேரன்தான் அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். 2000ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர் கொண்டவர்கள் சுமார் 1,63,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். ஜார்ஜுக்கோ சொந்தப் பிள்ளைகள் இல்லை. ஓர் ஆங்கிலேய நிலப்பிரபுவின் பெயர் எப்படி அமெரிக்காவின் மிகக் கறுப்பான பெயர்களில் ஒன்றானது?

1799இல் ஜார்ஜ் இறந்தபோது அவருடைய மவுண்ட் வெர்னன் பண்ணையில் 300க்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். பண்ணைப் பதிவேடுகளில் அவர்களில் பெரும்பாலோருக்கு ஒற்றைப் பெயர்தான். குடும்பப் பெயர் என்றால் குடும்பம் உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். விற்கப்படக்கூடிய ஒருவருக்குக் குடும்பம் இருப்பதை முதலாளி எதற்காக ஒப்புக்கொள்வார்? நரைத்த மனிதரையும் ‘பையா’ என்று கூப்பிட்ட சமூகம் அது. என் தாத்தாவை ஊர்த்தெருப் பொடியன்கள் பெயர் சொல்லி, அதுவும் ஒருமையில், கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் முதலாளியின் பதிவேட்டில் இல்லாத பெயர்கள் அடிமைகளின் குடிசைகளில் இருந்தன. பலர் தங்களுக்குள் குடும்பப் பெயர் வைத்துப் புழங்கினார்கள். அதை அவர்கள் ‘டைட்டில்’ என்று சொன்னதை வரலாற்றாசிரியர்கள் பதிந்திருக்கிறார்கள். நாமும் சாதிப் பின்னொட்டைப் ‘பட்டம்’ என்றுதான் சொல்கிறோம். சொல் ஏறக்குறைய ஒன்றுதான். அவர்களுடைய பட்டமோ முதலாளியின் காதுக்கு எட்டாமல் காக்கப்பட்டது. நம் ஊரில் பட்டம் என்பது ஊரே கேட்கச் சொல்லப்பட்டது.

மவுண்ட் வெர்னனிலிருந்து தப்பிய ஹாரி என்பவரைப் பாருங்கள். ஆப்பிரிக்காவில் பிறந்து, விற்கப்பட்டு, ஜார்ஜின் பண்ணைக்கு வந்தவர். விடுதலைப் போர் மூண்டதும் 1776இல் தப்பியோடி, அடிமைகளுக்கு விடுதலை தருவதாகச் சொன்ன பிரிட்டிஷ் படையில் சேர்ந்தார். 1783இல் நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பலேறினார். அங்கிருந்து 1792இல் சியரா லியோனுக்குப் போனார். நிலத்துக்கு வரி கேட்ட கம்பெனிக்கு எதிராக 1800இல் அங்கே நடந்த கிளர்ச்சியில் பங்கேற்று நாடு கடத்தப்பட்டார். ஹாரி வாஷிங்டன் என்றே வரலாறு அவரை அறிகிறது. வரியை எதிர்த்து எழுந்த வாஷிங்டன் ஜார்ஜ் மட்டுமல்ல.

அடிமை முறை ஒழிந்ததும், ஒப்பந்தத்துக்கும் பள்ளிக்கும் ஓட்டுக்கும் குடும்பப் பெயர் தேவைப்பட்டது. புக்கர் என்ற சிறுவன் முதன்முதலாகப் பள்ளிக்குப் போனான். வருகைப் பதிவின்போது மற்ற பிள்ளைகளுக்கு இரண்டு பெயராவது இருப்பதைக் கவனித்தான். தன் முறை வந்ததும் ‘புக்கர் வாஷிங்டன்’ என்று சொல்லிவிட்டான். அவனுடைய தந்தை யாரென்று தெரியாத ஒரு வெள்ளையர். வளர்ப்புத் தந்தையின் முதற்பெயர்தான் வாஷிங்டன். பின்னாளில் பெரும் கல்வியாளராக அறியப்பட்ட புக்கர் டி. வாஷிங்டன் 1901இல் வெளிவந்த தன் வரலாற்றில் இதைச் சொல்கிறார். வெள்ளையருடன் அவர் செய்துகொண்ட அரசியல் சமரசத்தை டூ பாய்ஸ் கடுமையாக விமர்சித்தார். அந்த விமர்சனம் சரியானதுதான். ஆனால் அந்த வகுப்பறைக் கணத்தில் எந்தச் சமரசமும் இல்லை. யாரிடமும் கேட்காமல் ஒரு சிறுவன் தனக்குப் பெயர் எடுத்துக்கொண்டான்.

இதையெல்லாம் எஜமான விசுவாசம் என்று ஒரே சொல்லில் அடைத்துவிட முடியாது. பிரிந்துபோன உறவுகள் தேடிவந்தால் அடையாளம் தெரியட்டும் என்று பழைய பண்ணையின் பெயரை வைத்தவர்கள் உண்டு. விடுதலையோடு சேர்த்துச் சொல்லப்பட்ட பெயர் என்பதால் எடுத்தவர்கள் உண்டு. அந்தப் பெயரே வேண்டாமென்றவர்களும் உண்டு. ஃபிரெடரிக் டக்ளஸுக்குப் பிறப்பில் வைத்த பெயருக்குள் வாஷிங்டன் இருந்தது. தப்பி வருவதற்கு முன்பே அவர் அதை விட்டுவிட்டார். மால்கம் எக்ஸ், முதலாளி கொடுத்த பெயர் என்று ‘லிட்டில்’ஐத் தூக்கி எறிந்து அந்த இடத்தில் ‘எக்ஸ்’ போட்டார். எடுத்தவர்களும் எறிந்தவர்களும் கேட்டது ஒன்றைத்தான்: என் பெயரை நான் முடிவு செய்வேன்.

தம்பி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவர்கள் எடுத்தது தங்களுக்கு மறுக்கப்பட்டதை. நீங்கள் சேர்ப்பது, மற்றவர்களுக்கு மறுத்ததன் மூலம் மதிப்புப் பெற்ற ஒன்றை. வாஷிங்டன் என்ற பெயர் இன்று எந்தக் கறுப்பினத்தவரையும் இன்னொருவருக்கு மேலே நிறுத்துவதில்லை. மாறாக, அவரைக் கீழே தள்ளவே பயன்படுகிறது. பாஸ்டன், சிகாகோ நகரங்களில் சுமார் 5,000 விண்ணப்பங்களை அனுப்பி நடத்தி, 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வெள்ளையர் பெயரில் போன பத்து விண்ணப்பங்களுக்கு ஓர் அழைப்பு வந்தது. லக்கீஷா வாஷிங்டன் போன்ற கறுப்பினப் பெயர்களுக்கோ அந்த ஓர் அழைப்புக்குப் பதினைந்து விண்ணப்பங்கள் தேவைப்பட்டன. விவரங்கள் ஒன்றுபோலத்தான் இருந்தன.

இந்தியாவில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் இதேபோல ஆய்வு செய்து 2007இல் வெளியிட்டார்கள். ஒரே தகுதி இருந்தும், ஆதிக்கச் சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. உங்கள் பட்டம் உங்களுக்கு அலங்காரம். அதே வரிசையில் நிற்கும் இன்னொருவருக்கு அது அடைத்த கதவு.

அதனால்தான் 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. விடச் சொன்னது பட்டத்தால் பலன் பெற்றவர்களை. நம் பெயர்கள் ஒற்றைத் தலைப்பெழுத்தோடு நிற்பது ஏதோ பண்பாட்டு வழக்கத்தால் மட்டும் வந்ததல்ல. அதன் பின்னால் ஓர் அரசியல் இருக்கிறது.

பட்டம் போனதால் சாதி போய்விட்டதா? இல்லை. எனக்கு வாடகை வீடு காட்ட வந்தவர் பெயரைக் கேட்டார். பெயரில் ஒன்றும் தெரியாததால் ஊரைக் கேட்டார். ஊரும் போதாமல், “ஊர்ல எந்தப் பக்கம்?” என்றார். பட்டத்தை விட்டவர்கள் பலர் அந்தக் கேள்வியை விடவில்லை. விட வேண்டிய மிச்சம் அது. பட்டத்தைத் திரும்ப ஒட்டுவது அந்தக் கேள்விக்கான பதிலை நெற்றியிலேயே எழுதி நீட்டுவது.

அடுத்த கட்டுரையை அனுப்பும்போதும் அந்தக் கட்டம் வரும். இம்முறை அம்மாவின் பெயரை எழுதலாம் என்றிருக்கிறேன். அவர் பள்ளிக்கே போனதில்லை.