பந்து விளையாட மணிக்கு 120 ரூபாயா?

2024-ம் வருஷம் அக்டோபர் மாதக் கடைசியில் சென்னைக் கார்ப்பரேஷன் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. கார்ப்பரேஷனுக்குச் சொந்தமான ஒன்பது கால்பந்து மைதானங்களை, ஜனங்களின் பணத்தில் செயற்கைப் புல் விரித்த மைதானங்களை, தனியார் வசம் ஒப்படைப்பது. விளையாட வருகிற ஒவ்வொருவரிடமும் மணிக்கு 120 ரூபாய் வசூலிப்பது. இதுதான் தீர்மானம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கத்துக்கு ஏழு பேர் என்றால் மொத்தம் பதினான்கு பேர். ஒரு மணி நேர ஆட்டத்துக்கு 1,680 ரூபாய்! மாதத்தில் இருபது நாள் ஒரு மணி நேரம் விளையாடுகிற ஒரு பையனுக்கு 2,400 ரூபாய். வடசென்னையில் மூட்டை தூக்குகிறவர் வீட்டுப் பையன் இந்தப் பணத்துக்கு எங்கே போவான்? பணத்துக்குப் போகமாட்டான். பந்தை விட்டுவிட்டு வேறு எங்காவது போவான். எங்கே போவான் என்பது அவனைப் பெற்றவர்களுக்குத் தெரியும்.

பராமரிக்கப் பணம் வேண்டாமா என்று நிர்வாகத்தின் தரப்பில் வாதம் கிளம்பிற்று. வரி கட்டுவது எதற்காக என்று ஜனங்கள் திருப்பிக் கேட்டார்கள். சபைக்குள்ளே இடதுசாரி உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். வெளியே விளையாட்டுப் பிள்ளைகளும் பொதுமக்களும் கொதித்தார்கள். இரண்டொரு நாளில் தீர்மானம் வாபஸ் ஆயிற்று.

சென்னைச் சமாச்சாரம் வீரகேரளம்புதூர்க்காரனுக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் சென்னையில் மளிகைக் கடைகளில் நின்று வேலை செய்கிறார்கள்? அது ஒரு காரணம். இன்னொரு காரணம், சென்னையில் இன்று போடுகிற உத்தரவு நாளை தென்காசிக்கும் வரும், நாளை மறுநாள் சுரண்டைக்கும் வரும். வரும்போது 120 ரூபாய் கட்டணம் என்று பச்சையாகச் சொல்லிக்கொண்டு வராது. அப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்பதைச் சென்னையில் பார்த்துவிட்டார்கள். அடுத்த தடவை அது ‘மென்பொருள்’ என்ற சாதுவான பெயரோடு வரும்.

அது என்ன மென்பொருள்? கம்ப்யூட்டரும் கைபேசியும் வேலை செய்வதற்கு எழுதி வைத்த கட்டளைகள். மைதான விஷயத்தில் அது ஒரு பதிவுப் புத்தகம்; வாட்ச்மேன் மேஜையில் கிடக்கும் நீள நோட்டுக்குப் பதிலாகக் கம்பிவழி ஓடுகிற நோட்டு. எந்த மைதானம், எந்த மணி, யார் பெயரில், எவ்வளவு பணம் என்று அதிலே பதிவாகும். அமெரிக்காவிலும் கனடாவிலும் நகரசபைகளில் இதற்கென்றே ஒரு இலாகா உண்டு. பொழுதுபோக்கு இலாகா என்று பெயர். புதிய மென்பொருள் வாங்க இத்தனை டாலர் என்று அந்த இலாகா கேட்கும். கவுன்சிலர்கள் கையைத் தூக்குவார்கள். ஐந்து நிமிஷத்தில் தீர்மானம் முடிந்துவிடும்.

இந்தப் ‘பொழுதுபோக்கு’ என்ற சொல்லே நமக்குப் பிடிக்கவில்லை. நாற்றங்காலில் குனிந்தவருக்கும் பீடித்தட்டை மடியில் வைத்தவருக்கும் போக்குவதற்குப் பொழுது எங்கே மிஞ்சுகிறது? எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு, எட்டு மணி நேரம் நமக்கே சொந்தம் என்று தொழிலாளி வர்க்கம் கேட்டுப் போராடி வாங்கிய நேரம் அது. 1923 மே முதல் தேதி சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் கொடியேற்றி மே தினம் கொண்டாடினார். ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, 2023 ஏப்ரல் 21-ந் தேதி, வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணிவரை நீட்ட வழி செய்யும் மசோதா சட்டசபையில் நிறைவேறிற்று! எதிர்ப்பு வலுத்தது, மே முதல் தேதியே வாபஸ் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். நேரத்தைப் பிடுங்குகிறவர்கள் ஒரு பக்கம் வருகிறார்கள், மிஞ்சிய நேரத்தில் கால் வைக்க இருக்கும் மண்ணுக்கு டிக்கெட் கிழிப்பவர்கள் இன்னொரு பக்கம் வருகிறார்கள். இரண்டும் ஒரே சங்கதிதான்.

மென்பொருளுக்கு வருவோம். டொரண்டோ நகரத்தில் நம் தமிழ் ஜனங்கள் ஏராளமாக இருக்கிறார்கள். அங்கே பிள்ளைகளின் நீச்சல் வகுப்புக்கு நகரசபையின் பதிவு காலை 7 மணிக்குத் திறக்கும். பெரிய அதிகாரிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் ஒரே 7 மணிதான்; சட்டம் சமம். ஆனால் சில நிமிஷங்களில் நல்ல வகுப்புகளின் இடம் தீர்ந்துவிடும். அந்த நேரத்தில் யார் கை சும்மா இருக்கும்? இரவு ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் தூங்குகிறவர் கையா, வீட்டில் காப்பியோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவர் கையா? ஏழைகளுக்குக் கட்டணச் சலுகை அந்த நகரத்தில் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சலுகைச் சீட்டு கையில் இருந்தும் இடம் கிடைக்கவில்லையென்றால் என்ன பிரயோஜனம்? சங்கரன்கோவில் தறிக்காரருக்கும் ராஜபாளையம் மில்காரருக்கும் இது விளங்கும். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறுகிறவன் அடுத்த வாரம் எந்த மணிக்கு விளையாடுவேன் என்று இன்றைக்கே எப்படிப் பதிவான்? நடவுக் காலத்தில் எந்த வேளைக்குக் கரையேறுவோம் என்று யாருக்குத் தெரியும்?

இன்னொரு விஷயம். இந்தப் பதிவுப் புத்தகம் யாருடைய சொத்து? அமெரிக்க நகரசபைகள் பலவும் ஆக்டிவ் நெட்வொர்க் என்ற கம்பெனியின் மென்பொருளை எடுத்திருக்கின்றன. இந்தப் பொழுதுபோக்கு, விளையாட்டுப் பிரிவுகளை 2017-ல் குளோபல் பேமெண்ட்ஸ் என்ற கம்பெனி சுமார் 120 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அது பந்து கம்பெனி அல்ல, கார்டு வழியே போகிற பணத்தைக் கைமாற்றிக் கொடுத்து அதில் கூலி எடுக்கிற கம்பெனி! குழந்தை நீச்சல் கற்றால் அதற்கு என்ன, கற்காவிட்டால் என்ன? பணம் கைமாறினால் போதும். பணமே கைமாறாத இலவச மைதானத்தால் அதற்கு எந்த லாபமும் இல்லை. ஆகவே முதல் வருஷம் ‘பதிவு மட்டும், கட்டணம் இல்லை’ என்பார்கள். கட்டணத்துக்குரிய கட்டம் மட்டும் உள்ளே காலியாகக் காத்திருக்கும். பிறகொரு நாள் அதிலே ஒரு எண்ணை நிரப்ப எவ்வளவு நேரம் ஆகும்? அதற்குத் தீர்மானம்கூட வேண்டியிராது.

நமது நாட்டில் இது ஆரம்பமாகாமல் இல்லை. முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் சேர இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். 2024 அக்டோபரில் வனத்துறை நாற்பது மலைப்பாதைகளை நடைப்பயணத்துக்குத் திறந்தபோது, இணையத்தில் பதிந்து பணம் கட்டினால்தான் ஏறலாம் என்று வைத்தார்கள். விறகு பொறுக்கியும் தேன் எடுத்தும் மலையடிவாரத்து ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த மலை அது.

நூறு நாள் வேலையில் நாம் பட்ட பாடு மறந்துவிட்டதா? 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து எல்லா வேலைத்தலத்திலும் கைபேசிச் செயலியில் தினம் இரண்டு தடவை போட்டோ பிடித்தால்தான் வருகை என்று மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. ஊழலை ஒழிக்கத்தான் என்றார்கள். சிக்னல் கிடைக்காத ஓடைக்கரையில் போட்டோ ஏறாமற்போனால் யாருக்கு நஷ்டம்? மண்வெட்டி பிடித்தவருக்கு. மண் வெட்டியது கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது, கூலி மட்டும் இல்லை.

அதற்காக மெஷினை உடைக்கச் சொல்கிறோமா? இல்லை. நீள நோட்டும் யோக்கியமான நோட்டு அல்ல. ஊர்ப் பெரியதனக்காரர் மகன் வந்தால் மைதானம் காலியாவதும், காலனித் தெருப் பிள்ளைகள் வந்தால் ‘இன்று வேறு ஆட்டம் இருக்கிறது’ என்று வாட்ச்மேன் சொல்வதும் எங்கும் நடக்காததா? பெண்பிள்ளைகளுக்கு மைதானத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறது என்று எந்த ஊர் நோட்டிலாவது எழுதியிருக்கிறதா? யாருக்கு எந்த மணி என்பதை எல்லோரும் பார்க்கும்படி ஒரு கம்ப்யூட்டர் எழுதிக் காட்டுமானால், அதை அழித்தெழுதப் பெரியதனக்காரர் கைக்கு எட்டாதென்றால், அந்தக் கம்ப்யூட்டரை நாமே தோளில் சுமந்து கொண்டுவந்து வைக்கத் தயார். யார் கையில் இருக்கிறது, யாருக்காக ஓடுகிறது, இதுதான் கேள்வி.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. துணைத் தலைவியாக ஆடியவர் கண்ணகி நகர் கார்த்திகா. சென்னை நடுவிலிருந்து குடிசைகளைப் பிடுங்கிக் கொண்டுபோய் விட்ட ஜனங்களின் குடியிருப்பு கண்ணகி நகர். நம் தென்பாண்டிச் சீமையின் மணத்தி கணேசன் கபடி ஆடி அர்ஜுனா விருது வாங்கினார். மணிக்கு இத்தனை என்று கட்டணம் வைத்தா இவர்களை இந்த மண் வளர்த்தது?

குற்றாலத்துக்கு ஆனி, ஆடியில் போய்ப் பாருங்கள். மெயினருவியில் பங்களாக்காரரும் நிற்கிறார், களையெடுக்கிற கூலிக்காரரும் நிற்கிறார். டிக்கெட் கிடையாது. கூட்டம் பெருத்தால் போலீஸ்காரர் விசில் ஊதி வரிசையாக விடுகிறார். ஒரு கூட்டம் நனைந்து நகர்ந்தால் அடுத்த கூட்டம். இதைவிட நல்ல பதிவு முறையை எந்தக் கம்பெனி எழுதித் தரும்? ஐந்தருவி ரோட்டில் வெண்ணமடைக்குளத்துப் படகுக்குக் கட்டணம் உண்டு. படகு வாங்கிய காசு என்று அதையாவது ஒப்புக்கொள்ளலாம். அருவியும் மைதானமும் அப்படியா?

ஆகவே எந்த நகரசபையிலோ பஞ்சாயத்திலோ இப்படி ஒரு பைல் மேஜைக்கு வந்தால், நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய உறுப்பினர்கள் கையைத் தூக்குமுன் சில கேள்விகள் கேட்கட்டும். மைதானம் இலவசம் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதியிருக்கிறதா? கைபேசி இல்லாதவர் நேரில் வந்து வாயால் பெயர் சொல்லிப் பதிய ஒரு ஜன்னலும் அங்கே ஓர் ஆளும் உண்டா? அந்த ஆள் மாதச் சம்பளக்காரரா, காண்டிராக்ட் கூலியா? ஷிப்ட்காரருக்கும் கூலிக்காரருக்கும் பதிவே இல்லாமல் விட்டுவைத்த நேரம் எவ்வளவு? நம் பிள்ளைகளின் பெயரும் வயதும் கைபேசி எண்ணும் எந்த ஊர்க் கம்பெனியின் பெட்டியில் போய்ச் சேரும்? காண்டிராக்ட் முடிந்தால் அந்தப் புத்தகம் சபைக்குத் திரும்பி வருமா?

நகரசபை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 2024 பிப்ரவரியில் திருச்சியில் கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டம் தொடங்கினார்கள். 12,525 கிராம ஊராட்சிகளுக்கு 33 வகை விளையாட்டுச் சாமான்கள், மதிப்பு 86 கோடி ரூபாய். நல்ல காரியம், வரவேற்கிறோம். இந்தப் பந்தும் வலையும் எடுக்க இணையம் வேண்டாம், மென்பொருள் வேண்டாம். பெட்டி திறந்தால் போதும். மே தினத்தன்று ஊராட்சிதோறும் கிராமசபை கூடுகிறது. ஆணும் பெண்ணும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள். 33 சாமான்களின் பட்டியலைச் சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அறையின் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்றும், சாயங்காலம் எத்தனை மணிக்கு அது திறக்கும் என்றும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள்.