இரு கரைக்கும் உரிய ஒளிப்பதிவாளர்

1986-ஆம் ஆண்டின் சிறந்த ஒளிப்பதிவுக்கான தேசிய விருது வேணுவுக்குக் கிடைத்தது. விருதுக்குரிய இரண்டு படங்களில் ஒன்று ‘நமுக்குப் பார்க்கான் முந்திரித்தோப்புகள்’. மற்றது ஜான் ஆபிரகாம் இயக்கிய ‘அம்ம அறியான்’. இந்த இரண்டாவது படத்துக்கு முதலாளி என்று எவரும் கிடையாது. 1984-இல் தொடங்கிய ஒடேசா என்ற கூட்டமைப்பினர் ஊர் ஊராகப் போய், திரை கட்டிப் படம் காட்டி, கூடியவர்களிடம் கேட்டு வாங்கிய காசில் எடுத்த படம் அது. இறந்துபோன ஒருவனின் தாய்க்குச் சேதி சொல்ல வயநாட்டிலிருந்து கொச்சிக்குப் புறப்படும் இளைஞனோடு வழிநெடுக ஆட்கள் சேர்ந்துகொண்டே வருவார்கள். படம் உருவான கதையும் அப்படித்தான். ஐந்தாண்டுகள் கழித்து அதே வேணுதான் தமிழில் ‘குணா’வுக்கு ஒளிப்பதிவு செய்தார். கொடைக்கானல் குகையை நம் மனத்தில் பதித்த அந்தக் கண், அதற்கு முன்பே மலையாள நாட்டின் எளிய மக்கள் சேர்ந்து துணைநின்ற கண்.

இந்த வரலாற்றை வாளையாரில் வைத்துப் பேசக் காரணம் உண்டு. கோவையிலிருந்து பாலக்காடு போகும் 544-ஆம் எண் நெடுஞ்சாலையில் மாநிலம் மாறும் இடம் இது. மொழி அப்படிச் சட்டென்று மாறுவதில்லை. கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி பக்கம் போனால் தமிழ்தான் வீட்டுப் பேச்சு. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே 30 கிலோமீட்டருக்கும் மேல் அகலமாகத் திறந்து கிடக்கும் கணவாயில் காற்றும் மேகமும் வெயிலும் இரு பக்கமும் போய் வருகின்றன. ஒளிப்பதிவாளர்களும் அப்படியே போய் வந்திருக்கிறார்கள். மதுராந்தகத்தில் பிறந்த ராமச்சந்திர பாபு 1973-இல் எம்.டி. வாசுதேவன் நாயரின் ‘நிர்மால்யம்’ படத்தையும், 1977-இல் தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’யையும் எடுத்தார். நம் காலத்தில் தேனி ஈஸ்வர், தேனிக்கும் இடுக்கிக்கும் இடையே மலைப்பாதையில் சுமை தூக்கும் நிலமற்றவர்களின் வாழ்வை ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யில் (2018) காட்டினார். பிறகு லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ படத்துக்காக ஒரு தமிழ்க் கிராமத்தின் உச்சிவெயிலை அசையாத சட்டகங்களில் மலையாளிகளுக்குக் கொடுத்தார். இவர்களில் யாரை எந்த மாநிலக் கணக்கில் எழுதுவது? இரண்டிலும் எழுத வேண்டும். அப்படியானால் பொறுப்பும் இரண்டு பக்கமும் இருக்கிறது.

பொறுப்பு என்று ஏன் சொல்கிறேன்? சிறிய படங்களை நம்பி இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞரின் பாதையைப் பாருங்கள். படிப்பு முடித்தோ முடிக்காமலோ ஒருவரிடம் உதவியாளராகச் சேர்கிறார். பல ஆண்டுகள் லென்ஸ் பெட்டி சுமந்து, ஃபோகஸ் பிடித்து, பேட்டாவில் நாளை ஓட்டுகிறார். திருமண வீடியோவும் விளம்பரமும்தான் வாடகையைக் கட்டுகின்றன. ஒருநாள் நண்பர் ஒருவர் நல்ல கதையோடு வருகிறார், பணம் இல்லை. “படம் வித்ததும் சம்பளம் தர்றேன்” என்கிறார். இவரும் ஒப்புக்கொள்கிறார். கேமராவும் லைட்டும் சென்னையிலோ கொச்சியிலோ நாள் வாடகைக்கு எடுத்தவை. அனுமதிக்காக ஓர் அலுவலகத்தில் இரண்டு நாள் காத்திருந்தால் இரண்டு நாள் வாடகை போயிற்று. மேகம் மூடி ஒரு பிற்பகல் கெட்டால் அந்தக் காட்சியே படத்திலிருந்து போகிறது. படம் முடிந்து விழாக்களுக்குப் போகிறது, கைதட்டல் கிடைக்கிறது. சம்பளம் வருவதில்லை. நாற்பது வயதில் முதுகுவலியோடு, மருத்துவக் காப்பீடு இல்லாமல் நிற்கும்போது, கலைக்காகத் தியாகம் செய்தார் என்று நாம் பாராட்டுகிறோம். அந்தப் பாராட்டை நான் ஏற்கவில்லை. ஒருவருடைய உழைப்பில் ஊரே தன் முகத்தைப் பார்த்துக்கொள்கிறதென்றால், அந்த உழைப்பின் சுமையை அவர் ஒருவர் தலையிலேயே ஏற்றிவைப்பது நியாயமில்லை.

எளிதில் ஆகக்கூடியதிலிருந்து தொடங்கலாம். கேரளப் பக்கம் புதுச்சேரி ஊராட்சியும் தமிழ்நாட்டுப் பக்கம் எட்டிமடைப் பேரூராட்சியும் படப்பிடிப்புக் கட்டணத்தை எழுதி வெளிப்படையாக ஒட்டலாம். பெரிய நிறுவனத்துக்கு ஒரு கட்டணம், பத்துப் பேர் கொண்ட சிறிய குழுவுக்கு அதில் மிகக் குறைந்த பங்கு. சமுதாயக் கூடத்தையும் கழிப்பறையையும் குழுவுக்குத் திறந்துவிடலாம். கழிப்பறை சிறிய விஷயம் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். படப்பிடிப்புத் தளங்களில் பெண்களுக்குக் கழிப்பறையும் உடைமாற்றும் அறையும் இல்லாததை மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய்ந்து 2024 ஆகஸ்டில் வெளியான ஹேமா குழு அறிக்கை விரிவாகவே சொல்லியிருக்கிறது. பி.ஆர். விஜயலட்சுமி 1985-இல் ‘சின்ன வீடு’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்து வழி திறந்தார். அதற்குப் பின் இத்தனை ஆண்டுகளாகியும் கேமராவுக்குப் பின்னால் பெண்கள் குறைவாகவே இருக்கிறார்கள் என்றால், இந்த அடிப்படை வசதி இல்லாததும் அதற்கு ஒரு காரணம். ஓர் ஊராட்சியால் இதை நாளையே செய்ய முடியும்.

ஊருக்குள் சலுகை கேட்கலாம்; காட்டுக்குள் கேட்க எவருக்கும் உரிமை இல்லை. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. வாளையார்க் காடு யானைகளின் வழி. அங்கே ஜெனரேட்டரும் விளக்குகளுமாக இரவைப் பகலாக்கும் காட்சியை வேண்டாமென்று முதலில் சொல்ல வேண்டியவர் ஒளிப்பதிவாளரே. குறைந்த வெளிச்சத்தில் எடுக்கும் கேமராக்கள் இன்று உள்ளன. ஊரிடம் உதவி கேட்பவர், ஊரின் காட்டுக்கும் வயலுக்கும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். வனத்துறை தன் பங்குக்கு, எங்கே கூடாது, எங்கே எந்நேரம் கூடும் என்பதை ஒரே நாளில் சொல்லிவிட்டால் போதும்.

அரசுகளிடம் கேட்பதற்குப் பெரிய பட்டியல் தேவையில்லை. கேரளம் தன் திரைப்பட வளர்ச்சிக் கழகம் வழியாகப் பெண் இயக்குநர்களுக்கும், பட்டியலின, பழங்குடி இயக்குநர்களுக்கும் படத்துக்கு 1.5 கோடி ரூபாய் வரை கொடுக்கிறது. நல்ல திட்டம் அது, தமிழ்நாடும் அதைப் பின்பற்றலாம். தமிழ்நாடு 2009 முதல் 2014 வரையிலான மாநில விருதுகளை 2017-இல்தான் அறிவித்தது. எட்டாண்டு கழித்து வரும் அங்கீகாரம், அடுத்த படத்துக்குக் கதவைத் தட்டிக்கொண்டிருந்த இளைஞருக்கு உதவுவதில்லை. அந்தந்த ஆண்டு விருதும் மானியமும் அந்தந்த ஆண்டே கிடைக்க வேண்டும்.

திரைத்தொழிலாளர் கூட்டமைப்புகளான தமிழ்நாட்டின் ஃபெப்சியும் கேரளத்தின் ஃபெப்காவும் கூடி அமர்ந்து, எல்லை தாண்டும் சிறிய குழுக்களுக்கான விதிகளை இரு மொழியிலும் எழுதட்டும். இயக்குநர் நண்பரே ஆனாலும் ஒளிப்பதிவாளரின் சம்பளமும், படம் விற்றால் அவருக்குரிய பங்கும் முன்கூட்டியே எழுத்தில் வரட்டும். நட்பு அதனால் கெட்டுவிடாது. எழுதாததால் கெட்ட நட்புகளே இந்தத் தொழிலில் அதிகம்.

மிச்சமிருப்பது நம் பங்கு, பார்வையாளர் பங்கு. கோவையின் கோணங்கள் போன்ற திரைப்படச் சங்கங்கள் நல்ல படங்களை விடாமல் திரையிட்டு ரசிகர்களை வளர்த்திருக்கின்றன. கோவையிலும் பாலக்காட்டிலும் உள்ள கல்லூரிகள் மாதம் ஒரு சிறிய படத்தைத் தங்கள் அரங்கில் கட்டணத்தோடு திரையிடலாம். வசூலில் ஒரு பங்கு தொழில்நுட்பக் குழுவுக்கு நேராகப் போகட்டும். ஒடேசா உண்டியல் குலுக்கிய காலத்தில் கைப்பேசி கிடையாது, இணையம் கிடையாது. அவர்களால் ஒரு முழுநீளப் படத்தையே எடுக்க முடிந்தது. ஒரு நுழைவுச்சீட்டு வாங்குவது நமக்குச் சிரமமில்லை. முதல் திரையிடலை வாளையாரிலேயே, இரு பக்க உள்ளாட்சிகளும் சேர்ந்து, வரும் கோடையில் நடத்தட்டும்.