தங்கக் காசு வாங்கும் சகோதரருக்கு மூன்று கேள்விகள்

பவுன் விலை ஏற ஏற நம் பகுதியில் ஒரு புதுப் பேச்சு கிளம்பியிருக்கிறது. லெப்பைக்குடிக்காட்டுக்கும் வி.களத்தூருக்கும் விடுமுறையில் வரும் வளைகுடாத் தம்பிமார்கள், "நகை வேண்டாம் ஹஜ்ரத், காசாக வாங்கி வைக்கிறேன். இதில் வட்டி இல்லை. ஹலால்தானே?" என்று கேட்கிறார்கள். பெரம்பலூர், அரியலூர் கடைவீதி வியாபாரிகளும் இதையே கேட்கிறார்கள். தங்கம் போதாதென்று இப்போது வெள்ளிக் காசும் சேர்ந்து கொண்டது.

ஹலால்தான். அதில் சந்தேகமே வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் காலத்தில் புழங்கிய நாணயமே தங்க தீனாரும் வெள்ளி திர்ஹமும்தான். நகையை விடக் காசில் நஷ்டமும் குறைவு. சேதாரம் இல்லை, செய்கூலி சொற்பம். ஆனால் ஹலாலான பொருளை ஹராமான வழியில் வாங்கவும் முடியும், வைத்திருக்கவும் முடியும். ஆகவே காசு வாங்கும் ஒவ்வொரு சகோதரரும் தன்னைத் தானே மூன்று கேள்விகள் கேட்டுக் கொள்ளட்டும்.

முதல் கேள்வி: காசு கைக்கு வந்ததா?

தங்கம், வெள்ளி விஷயத்தில் மார்க்கம் மிகக் கண்டிப்பானது. தங்கத்துக்குத் தங்கம் மாற்றினால் எடைக்கு எடை சமமாக இருக்க வேண்டும். கைக்குக் கை மாற வேண்டும். பழைய நகையைக் கொடுத்து எடை குறைவான காசு வாங்குவது இந்தச் சட்டத்தில் மாட்டிக் கொள்கிறது. நகையைப் பணத்துக்கு விற்று, அந்தப் பணத்தைக் கையில் வாங்கி, பிறகு காசு வாங்குங்கள். வழி எளிதாகத்தான் இருக்கிறது!

ரசீது, தூய்மை முத்திரை, எடை மூன்றையும் பாருங்கள். வாங்கும்போது 3 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, விற்கும்போது அது திரும்பி வராது. வங்கிகள் தங்கக் காசை விற்கும். திரும்ப வாங்கிக் கொள்ளாது. இது தெரியாமல் அவசரத்துக்கு வங்கிக்கு ஓடி ஏமாறுகிறவர்கள் உண்டு. 2015 நவம்பரில் தொடங்கி 2024 பிப்ரவரி வரை அரசு வெளியிட்ட தங்கப் பத்திரம் வேறு சங்கதி. அதில் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் வட்டி என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. நமக்கு அது வேண்டாம்.

இரண்டாவது கேள்வி: மாதாமாதம் லாபம் என்கிறார்களா?

இங்கேதான் சமுதாயம் குழியில் விழுந்தது. "தங்கம் உங்களுடையது. ஆனால் எங்களிடமே இருக்கட்டும். மாதம் இவ்வளவு தருகிறோம்" என்று ஒருவர் சொன்னால் செருப்பை மாட்டிக் கொண்டு கிளம்பி விடுங்கள்! நீங்கள் கொடுத்தது கடன். முதலுக்கும் உத்தரவாதம், அதற்கு மேல் குறித்த தொகையும் உண்டு என்றால் அதன் பெயர் வட்டி. 'ஹலால் முதலீடு' என்று பெயர்ப்பலகை மாட்டினால் வட்டி வியாபாரமாகி விடுமா?

பெங்களூர் சிவாஜி நகரை நினைத்துப் பாருங்கள். ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் நகை வியாபாரம், தங்கம், ஹலால் லாபம் என்று சொல்லித்தான் முஸ்லிம்களின் பணத்தைத் திரட்டியது. 2019 ஜூனில் அதன் அதிபர் ஓர் ஒலிப்பதிவை வெளியிட்டு விட்டு நாட்டை விட்டே போய் விட்டார். அடுத்த மாதம் டில்லி விமான நிலையத்தில் பிடிபட்டார். புகார் கொடுத்தவர்கள் நாற்பதாயிரத்துக்கும் மேல்! மகளின் கல்யாணப் பணம், ஹஜ்ஜுக்கு வைத்த பணம் எல்லாம் அதில் போயிற்று. அந்த வழக்கில் கைதானவர்களில் ஒரு பள்ளிவாசல் மௌலவியும் இருந்தார் என்பதை ஆலிம்களாகிய நாங்கள் மறக்கக் கூடாது. அதற்கு முன் 2018 அக்டோபரில் ஹைதராபாத்தின் ஹீரா குழுமத் தலைவி மோசடி வழக்கில் கைதானார். அங்கும் 'வட்டியில்லா' என்ற சொல்தான் தூண்டில் முள்ளாக இருந்தது.

இது நம் சமுதாயத்துக்கு மட்டும் வந்த நோயும் அல்ல. 2023-ல் நமக்குப் பக்கத்துத் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரணவ் ஜுவல்லர்ஸ் மீது தங்கச் சேமிப்புத் திட்டத்தின் பெயரில் பணம் வசூலித்து ஏமாற்றியதாக வழக்கு வந்தது. ஏமாற்று எல்லா மதத்தாரையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது. ஆனால் நம்மிடம் வரும்போது தொப்பியும் தஸ்பீஹுமாக வருகிறது! தாடியைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். ஆலிம் சொன்னார் என்பதற்காகவும் கொடுக்காதீர்கள்.

வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. தங்கம் ஏறிக் கொண்டே இருக்கும் என்று எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்ட தங்கம் 1999-ல் 250 டாலர் அளவுக்கு இறங்கியது. பழைய இடத்தைத் தொட 2008 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நம் ரூபாய் சரிந்து கொண்டே வந்ததால் அந்த வீழ்ச்சி இங்கே அவ்வளவாக உறைக்கவில்லை. வெள்ளியின் கதை இன்னும் மோசம். அதே 1980 ஜனவரியில் 50 டாலரை நெருங்கிய வெள்ளி, மார்ச் மாதக் கடைசியில் 11 டாலருக்கும் கீழே விழுந்தது. ஆகவே கடை முதலை உருவிக் காசாக்கிப் பூட்டாதீர்கள். கடையில் ஓடும் முதல் உங்களுக்கும், உங்களிடம் வேலை பார்க்கும் பையனுக்கும் சோறு போடுகிறது. பெட்டியில் தூங்கும் காசு யாருக்குச் சோறு போடும்? மிஞ்சியதைச் சேமியுங்கள். கடன் வாங்கிச் சேமிக்காதீர்கள்.

மூன்றாவது கேள்வி: ஜகாத் கொடுத்தீர்களா?

மற்ற இரண்டையும் விட இதுதான் கடுமையானது. தங்கத்தையும் வெள்ளியையும் குவித்து வைத்து அல்லாஹ்வின் பாதையில் செலவிடாதவர்களுக்குக் குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் விடுக்கும் எச்சரிக்கையை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். பெண்கள் அணியும் நகைக்கு ஜகாத் உண்டா என்பதில் மத்ஹபுகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. காசு விஷயத்தில் அந்த வேறுபாட்டுக்கு இடமே இல்லை. சேமிப்புக்காக வைத்த காசு அணியும் நகை ஆகாது! தங்கம் 85 கிராம், அதாவது பத்தரைப் பவுனுக்குச் சற்று மேல். வெள்ளி 595 கிராம். இதுவே பலரும் சொல்லும் நிஸாப் கணக்கு. அந்த அளவை அடைந்து ஓர் ஆண்டு நிறைந்தால் நாற்பதில் ஒரு பங்கு கொடுத்தாக வேண்டும். 20 பவுன் காசு வைத்திருப்பவர் ஆண்டுக்கு அரைப் பவுன் கொடுக்க வேண்டும். அது அவருடைய பொருளே அல்ல. ஏழையின் பொருள் அவர் பெட்டியில் இருக்கிறது.

அந்த ஏழை எங்கே இருக்கிறார்? தேட வேண்டியதில்லை. அடகுக் கடை வாசலில் நிற்கிறார். கணவனின் வைத்தியத்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும் காதில் கழுத்தில் கிடந்ததை வைத்து விட்டு, மாதாமாதம் வட்டி கட்டும் சகோதரிகள் நம் மஹல்லாக்களில் இல்லையா? ஒரே தெருவில் ஒரு வீட்டில் காசு பூட்டிக் கிடக்கிறது. எதிர் வீட்டு நகை அடகில் கிடக்கிறது. இதைப் பார்த்துக் கொண்டு வட்டி ஹராம் என்று மிம்பரில் முழங்கினால் மட்டும் போதுமா?

ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டுப் பிரிவினரில் கடனாளிகளும் உண்டு. எனவே ஒவ்வொரு ஜமாஅத்தும் இந்த ரமலானுக்குள் ஒரு வேலையைத் தொடங்கட்டும். காசு, கட்டி வைத்திருப்போரின் ஜகாத்தைத் தனியாகத் திரட்டுங்கள். கடனைக் கழித்தால் நிஸாப் அளவு மிஞ்சாத, அவசியத் தேவைக்காகவே அடகு வைத்த குடும்பங்களைக் கண்டறியுங்கள். அவர்கள் கையிலேயே உரிமையாக்கிக் கொடுத்து நகையை மீட்க வையுங்கள். பெயர் வெளியே வரக் கூடாது. கணக்கு மட்டும் ஜும்ஆவுக்குப் பின் வாசிக்கப்பட வேண்டும். இளைஞர்களே, கணக்கெழுதவும் தெருத்தெருவாகப் போகவும் நீங்கள் முன்வாருங்கள்!

காசு வாங்குங்கள், தடையில்லை. கையில் வாங்குங்கள். மாத லாபம் என்பவனை நம்பாதீர்கள். ஆண்டு நிறைந்ததும் ஏழையின் பங்கை எடுத்து வையுங்கள். நம் செல்வத்தைத் தூய்மையாக்கி, வட்டியின் பிடியிலிருந்து நம் சகோதரிகளை மீட்க அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக!